புள்ளத்தாச்சிங்கள தேடிப் போன ஆராய்ச்சி வண்டி

வாடக வண்டி ஓட்டுறதுல கல்யாண சவாரி ஒரு மாதிரி, ஆஸ்பத்திரி சவாரி ஒரு மாதிரி, ஆனா ஆராய்ச்சி சவாரி மாதிரி மனுஷன சுத்தல்ல வுடுற சவாரி வேற கெடையாது. படிச்சவங்கள பின்னாடி உக்கார வெச்சுகினு ஊரு ஊரா அலஞ்ச டிரைவரு அண்ணாத்தைங்களுக்கு நான் சொல்றது புரியும். எங்க போவணும்னு கேட்டா, "அத கண்டுபுடிக்கத்தான் போறோம்"ம்பாங்க.

நான் செங்கல்பட்டு ஏழுமல. எட்டாவதோட பள்ளிக்கூடம் என்ன வுட்டுது, நானும் அத வுட்டுட்டேன். எவன் பேசுனாலும் அவன மாதிரியே திருப்பிப் பேசுவேன், அதான் நமக்கு தெரிஞ்ச ஒரே வித்த. ரேவதி மேடம்னு அச்சரப்பாக்கத்து பொண்ணு, காலேஜுல விலங்கியல் ஆராய்ச்சி பண்ணிகினு இருந்துச்சு. அதுக்குத்தான் மாச வாடகைக்கு ஓட்டுனேன். மத்த மிருகம்லாம் ஒதுங்கிப் போயி தனியா குட்டி போடுதே, மனுஷி மட்டும் ஏன் பிரசவத்துக்கு பக்கத்துல ஆள தேடுறா? இதான் மேடத்தோட கேள்வி. அதுக்கு புள்ளத்தாச்சிங்கள ரெண்டு தபா பாக்கணும். நடு மாசத்துல ஒரு தபா, பிரசவத்த ஒட்டி ஒரு தபா.

இதுல ஒரு சிக்கல். மேடத்தோட கைடு சாரு ஜூன் மாசம் ரிட்டயர்டு. அதுக்குள்ள தீசிஸ முடிச்சு குடுத்தா பட்டம். இல்லன்னா புது கைடு, புது தலப்பு, மறுபடியும் அனா ஆவன்னாலேர்ந்து. வூட்ல வேற "இன்னும் எவ்ளோ நாளு படிப்ப"ன்னு கொடஞ்சுகினே கீறாங்க. எங்க வண்டில ஏசி ஓடுச்சோ இல்லியோ, ஜூன் மாசம் மட்டும் ஓடிகினே இருந்துச்சு.

கொரங்குக்கு இல்லாத தொல்ல

மொத ஊரு திருக்கழுக்குன்றம் பக்கம். அந்த ஊரு நர்ஸம்மா எங்கள ஒரு வூட்டுக்கு கூட்டினு போச்சு. செல்வின்னு அஞ்சு மாச புள்ளத்தாச்சி. மாமியாரு முருங்கக்கீர ஆய்ஞ்சுகினே காத மட்டும் நம்ம பக்கம் திருப்பி வெச்சுகினு கீது. மேடம் ஒரு பொம்மைய கைல வெச்சுகினு வெளக்கறாங்க. கொரங்குக் குட்டி வெளிய வர்றப்ப பெரும்பாலும் மூஞ்சி அம்மாவ பாத்தாப்ல வரும். அம்மாவே கைய நீட்டி தூக்கிக்கும். மனுஷக் கொழந்தைக்கு தல பெருசு, வழி குறுகல். அதனால உள்ளயே திரும்பித் திரும்பி, கடசில முதுவ காட்டிகினு வரும். அம்மாவே புடிச்சு இஸ்தா கொழந்த கழுத்துக்கு ஆபத்து. அதான் வாங்கறதுக்கு இன்னொருத்தர் கை வேணும்.

எனக்கே புரிஞ்சுதுன்னா பாத்துக்கோங்க. செல்வி பொம்மைய வாங்கி திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. மாமியார ஒரு பார்வ பாத்துச்சு. அப்புறம் மெதுவா சொல்லிச்சு: "அப்ப கொரங்கு தனியாத்தான் பெத்துக்குதுன்னு சொல்லுங்க. குடுத்து வெச்சது மேடம்."

போன வாரத்து பதிலு

கல்பாக்கத்துக்கு இந்தாண்ட ஒரு ஊரு. அங்க எவன் வண்டிய நிறுத்தனாலும் சர்வேன்னு நெனச்சுக்குவாங்க. அவ்ளோ பேரு வந்து போயிகினு கீறாங்க. மேடம் வணக்கம் சொல்லி பேனாவ தொறக்கறாங்க. அந்த வூட்டு புள்ளத்தாச்சி துணி காயப் போட்டுகினே ஆரம்பிச்சுட்டாங்க. பேரு தேவி. வயசு இருவத்தாறு. ஓட்டு வூடு. கேஸ் அடுப்பு கீது. கக்கூசு கீது. வூட்டுக்காரு குடிக்க மாட்டாரு, எப்பனா குடிப்பாரு. மூச்சு வுடாம ஒப்பிக்குது, வாய்ப்பாடு சொல்றாப்ல.

மேடம் "இல்லிங்கக்கா, நான் இதெல்லாம் கேக்கல"ன்னாங்க. அந்தம்மா கிளிப்ப வாயில கடிச்சுகினே திரும்பிச்சு: "உன் கேள்விய மட்டும் கேளு கண்ணு. மத்ததெல்லாம் போன வாரம் வந்த பொண்ணு எழுதினு போயிடுச்சு. ரெண்டு பேரும் பேசி வெச்சுகினு வரக் கூடாதா?"

கூட்டத்த வெளிய இஸ்தது

ஆராய்ச்சில ஒரு சட்டம் கீதாம். புள்ளத்தாச்சிய தனியா உக்கார வெச்சு பேசணும். நம்ம ஊர்ல நடக்கற காரியமா? நாத்தனாரு, ஓரகத்தி, எதுத்த வூட்டம்மா, எல்லாரும் சுத்தி உக்காந்துகினு அந்தப் பொண்ணு வாய தொறக்கறதுக்கு முன்னாடி பதிலு சொல்றாங்க. மாமல்லபுரத்துக்கு மேக்க ஒரு ஊர்ல கூட்டத்த வெளிய இழுக்கச் சொல்லி மேடம் கண்ணால எனக்கு சாட காட்டுனாங்க. நான் வாசல்ல நின்னுகினு ஒவ்வொருத்தர் மாதிரி பேசிக் காட்ட ஆரம்பிச்சேன். மொதல்ல டவுன் பஸ்ஸு கண்டக்டரு. அப்புறம் ரேஷன் கடையில பில்லு போடுறவரு. அப்புறம் கடற்கரைக் கோயில் பக்கம் வெள்ளக்காரனுக்கு கத சொல்ற கைடு. அந்த கைடு இங்கிலீஷு எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது, ஆனா ரெண்டு பேருக்கும் சரளமா வரும்.

மொத்த வூடும் வாசலுக்கு வந்துடுச்சு. ஓரகத்தி சிரிப்பு தாங்காம வயித்த புடிச்சுகினு உக்காந்துட்டாங்க. நான் அடுத்ததா தேர்தல் ஆட்டோ மைக்குக்கு போலாம்னு பாக்கறேன், மொத வரிசையில புள்ளத்தாச்சி நின்னு சிரிச்சுகினு கீது. அதுக்கு பின்னாடி மேடம். மூஞ்சில சிரிப்பும் கீது, கோவமும் கீது: "அண்ணா, கூட்டத்த வெளிய இழுங்கன்னு சொன்னேன். நான் பேசிகிட்டிருந்த பொண்ணயும் சேத்து இழுத்துட்டீங்களே."

டீக்கடையில கைடு சாரு

ஒரு நாளு கைடு சாரே வேல நடக்கறத பாக்க வந்தாரு. சிங்கப்பெருமாள் கோயில்ல வண்டிய ஓரங்கட்டி, சாரு கூட வந்த காலேஜு பசங்களோட டீ குடிச்சுகினு இருந்தேன். சாரு போன் பேசப் போயிருந்தாரு. பசங்க "அண்ணாத்த, சார மாதிரி ஒண்ணு எடுத்து வுடு"ன்னானுங்க. எடுத்து வுட்டேன். இல்லாத கண்ணாடிய மூக்கு நுனிக்கு தள்ளி, தொண்டைய கனச்சு, "ரேவதி, இது தீசிஸா, தெனத்தந்தியா? பர்ஃபெக்டா வரணும்"னேன். பசங்க சிரிக்கல. ஒருத்தன் டீ கிளாஸையே பாத்துகினு கீறான்.

திரும்பனா சாரு நிக்கறாரு. எனக்கு வேல போச்சுன்னு தோணிச்சு. அவரு என் கைல கீற டீய வாங்கி ஒரு வாய் குடிச்சாரு. "குரல் சரி. கனைப்பு சரி. ஆனா பர்ஃபெக்ட்னு நான் என்னைக்கும் சொன்னதில்லப்பா. ஜூனுக்குள்ளன்னுதான் சொல்லுவேன்."

சாப்ட்டுட்டு மறந்தது

இப்ப மெயின் கத. ஒரு மூணு நாலு மாசம் எங்களுக்கு நல்ல மரியாத. மொத தபா பாத்த பொண்ணுங்கல்லாம் வளைகாப்புக்கு கூப்ட்டாங்க. நாங்களும் விடாம போனோம். மேடம் அந்தப் பொண்ணுங்க கைல வளையல் போட்டு, கன்னத்துல சந்தனம் பூசுவாங்க. நான் புளிசோறு, தேங்கா சோறு, எலுமிச்ச சோறுன்னு ஒண்ணு வுடாம ஒரு கட்டு கட்டுவேன். கைடு சாரு கூட ஒரு வூட்ல ரெண்டாம் தபா தயிர்சோறு கேட்டு வாங்கனாரு.

அப்புறம் பிரசவத்த ஒட்டி ரெண்டாவது தபா பாக்கற நேரம் வந்துது. சாரு போட்ட திட்டப்படி, மொதல்ல பாத்த அதே வூட்டுக்கு மறுபடியும் போவணும். போனோம். மொத வூட்ல பூட்டு. அடுத்த வூட்ல மாமியாரு மட்டும். அதுக்கு அடுத்த வூட்ல மாமனாரும் ஆட்டுக்குட்டியும். சாயங்காலம் வரைக்கும் ஒரு புள்ளத்தாச்சி கண்ணுல படல. மேடத்து மூஞ்சி சுருங்கிகினே வருது. இந்த ரெண்டாவது தபா இல்லன்னா தீசிஸே இல்ல.

கடசியா செல்வி வூடு. அது புருஷன் கைலி கட்டிகினு, அடிப்புடிச்ச சாதத்த கரண்டியால சொரண்டிகினு கீறாரு. மேடம் படபடன்னு, "செல்வி எங்க போயிட்டாங்க? ஏன் எங்களுக்கு சொல்லல?"ன்னாங்க. அந்தாளு கரண்டிய கீழ வெச்சுட்டு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறி பாத்தாரு: "வளைகாப்பு முடிஞ்சா அவங்க அம்மா வூட்டுக்கு கூட்டினு போவாங்க மேடம். அன்னிக்கு இவரு நாலு தட்டு சாப்ட்டாரே, எதுக்குன்னு நெனச்சுகினு சாப்ட்டாரு?"

ஆஸ்பத்திரியா அக்காவா

யோசிச்சுப் பாருங்க. மேடம் இந்தப் பக்கத்து பொண்ணு. சாரு ரெண்டு பொண்ண கட்டிக் குடுத்தவரு. எம் பொண்டாட்டியவும் வளைகாப்பு முடிஞ்ச கையோட அவங்க அப்பா வூட்டுக்கு நானேதான் வண்டில கொண்டு போயி வுட்டேன். மூணு பேருக்கும் தெரியும். ஆனா திட்டம்னு ஒண்ண கைல எடுத்ததும் மூணு பேரும் வெளியூர்க்காரங்களா ஆயிட்டோம். மேடம் வண்டில உக்காந்து சாருக்கு போன் போட்டாங்க. அவரு "காணாம போனவங்கள கணக்குலேர்ந்து எடுத்துடும்மா"ன்னாரு. "எடுத்தா யாருமே மிச்சம் இல்ல சார்"னாங்க.

மேடம் போன வெச்சாங்க. அழுவாங்கன்னு நெனச்சேன். அழுவல. "அண்ணா, அவங்க எங்க போனாங்களோ அங்கயே போவோம்"னாங்க. அன்னிலேர்ந்து நாயா அலஞ்சோம். மதுராந்தகம், உத்திரமேரூரு, வந்தவாசி, எங்கெங்க அம்மா வூடு கீதோ அங்கல்லாம் வண்டி நின்னுச்சு. நாஸ்தா ஒரு ஊர்ல, சோறு ஒரு ஊர்ல.

செல்விய அச்சரப்பாக்கத்துக்கு உள்ளாற ஒரு ஊர்ல புடிச்சோம். ரோடு சரியில்ல, பஸ்ஸு எப்பவோ ஒண்ணு. மேடம் கேட்டாங்க, "புருஷன் வூட்லேர்ந்து ஆஸ்பத்திரி நடந்து போற தூரம். அத வுட்டுட்டு ஏம்மா இவ்ளோ உள்ள வந்த?" செல்வி அவங்க அக்கா மடியில கால நீட்டிகினு, அக்கா வீங்கன பாதத்த அமுக்கி வுட, கண்ண மூடிகினே சொல்லிச்சு: "அங்க ஆஸ்பத்திரி பக்கத்துல கீது மேடம். இங்க எங்க அக்கா பக்கத்துல கீறா. வலி வந்தா ஆஸ்பத்திரிக்கு வண்டி வெச்சு போயிக்கலாம். அக்காவ எந்த வண்டில வர வெக்கறது?"

செவப்பு பேனா

மே மாசம். மேடம் ராவும் பகலும் எழுதனாங்க. எங்க தேடனோம், ஏன் கெடைக்கல, கெடச்ச எடத்துல யாரு கீறாங்கன்னு, அதையே ஒரு தனி அத்தியாயமா போட்டாங்க. கைடு சாரு அவரு ரூம்ல புஸ்தகத்தல்லாம் அட்டப் பெட்டியில கட்டிகினே செவப்பு பேனாவோட படிக்கறாரு. பெட்டி தூக்கறதுக்கு என்ன கூப்ட்டதால நானும் உள்ள இருந்தேன். மேடம் நகத்த கடிச்சுகினு நிக்கறாங்க. இதுல அவரு கையெழுத்து வுழுந்தாத்தான் தீசிஸ் உள்ள போவும்.

ஒரு எடத்துல பேனா நின்னுச்சு. திரும்ப எழுதச் சொன்னா ஜூன் தாண்டிடும். சாரு கண்ணாடிய கழட்டி தொடச்சாரு. "'திட்டத்துல பிழை'ன்னு எழுதியிருக்க. திட்டம் போட்டது யாருன்னு எழுதல. என் பேர போட்டுட்டு கொண்டா, கையெழுத்து போடுறேன்."

கடசி கேள்வி

வாய்மொழித் தேர்வுக்கு யாரு வேணாலும் வரலாம்னு மேடம் சொன்னாங்க. நானும் சட்டைய இஸ்திரி போட்டுகினு போயி கடசி பெஞ்சுல உக்காந்தேன். செல்வி அதோட கைக்கொழந்தைய தூக்கினு, அக்காவையும் கூட்டினு வந்துச்சு. ரிட்டயர்டு ஆன கைடு சாரு மொத வரிசையில. தேர்வு பண்ண வெளியூர்லேர்ந்து ஒரு பெரியவரு வந்திருந்தாரு. மூஞ்சில சிரிப்புன்னு ஒண்ணு இல்ல. முன்னாடி வெச்ச சமோசாவ கூட தொடல. கேள்வி மேல கேள்வி. மேடம் நெதானமா பதிலு சொல்லிகினு வந்தாங்க.

கடசில அவரு பக்கத்த புரட்டி வெச்சாரு. "ரெண்டாவது முறை போனப்ப யாருமே அந்த முகவரியில இல்ல. இது ஆராய்ச்சியோட தோல்விதானே? நான் ஏன் இதுக்கு பட்டம் குடுக்கணும்?" மேடம் மைக்க கிட்ட இஸ்துகினாங்க. "முகவரிய தேடிப் போனது எங்க தோல்வி சார். ஆனா அந்தப் பொண்ணுங்க யாரும் தொலஞ்சு போவல. பக்கத்துல ஆள் வேணும்னு எல்லாரும் கெளம்பிப் போயிருக்காங்க. நான் கேக்க வந்த கேள்விக்கு, நான் போறதுக்கு முன்னாடியே பதிலு சொல்லிட்டுப் போயிருக்காங்க. அதத்தான் எழுதியிருக்கேன்."

பெரியவரு தீசிஸ மூடி வெச்சாரு. பேனா மூடிய மாட்டனாரு, கழட்டனாரு. கொழந்த சிணுங்கிச்சு, அக்கா தட்டிக் குடுத்தாங்க. அத பாத்துகினே ஒரு சமோசாவ எடுத்தாரு. அந்தக் கொரல மட்டும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் பேசிக் காட்ட வரல: "என் பொண்ணும் போன மாசம்தாம்மா எங்க வீட்டுக்கு வந்தா. மாப்பிள்ளை வீட்டுக்கு எதுத்தாப்லயே பெரிய ஆஸ்பத்திரி. அத விட்டுட்டு ஏன் வந்தான்னு நான் கேக்கவே இல்ல. வாழ்த்துகள், டாக்டர் ரேவதி."

ஆக மொத்தம், தெரிஞ்ச விஷயத்த தெரிஞ்சுக்கறதுக்கே படிச்சவங்களுக்கு ஒரு வண்டியும் ஒரு டிரைவரும் தேவப்படுது, அதனால நம்ம பொழப்பு ஜாம் ஜாம்னு ஓடும், கவலப்படாதீங்க அண்ணாத்தைங்களே.