நெகட்டிவ் இல்லாத படம்

உவரிக் கோவிலுக்கு முன்னால் பதினோரு வருடம் உடனடி கேமரா வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளிலும் திருவிழா நாட்களிலும் திருநெல்வேலியிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போவேன். பொத்தானை அழுத்தினால் படம் கேமராவிலிருந்து வெளியே வந்துவிடும். வரும்போது வெறும் சாம்பல் நிறம். முகம் தெளிய மூன்று நிமிடம் ஆகும். சூட்டில் ஃபிலிம் கெட்டுவிடும் என்று அதை ஒரு ஐஸ்காரரின் மீன் பெட்டியில் வைத்திருப்பேன். படத்தை வாங்குகிறவர்கள் மோந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, படத்துல சாள நாத்தம் அடிக்கு?" என்பார்கள்.

"கடக்கரையில எடுத்த படம் பின்ன மல்லியப்பூவா மணக்கும்?" என்று ஐஸ்காரர் எனக்காகப் பதில் சொல்வார். எனக்கு அவ்வளவு பேச வராது.

ஆனால் அந்த மூன்று நிமிடம் எனக்குப் பிடிக்கும். மொட்டை போட்ட பிள்ளை, அதைத் தூக்கிய அப்பன், மாமியார், மதினி எல்லோரும் என் கையைச் சுற்றித் தலையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். "மூக்கு வந்துட்டு, மூக்கு வந்துட்டு!" என்று கத்துவார்கள். யாருடைய தோளாவது என்மேல் இடிக்கும். படம் தெளிந்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

படம் தெளியும் அந்த நேரத்தில்தான் சிலர், "இன்னொரு காப்பி பொறவு வாங்கிக்கிடலாம்லா?" என்று கேட்பார்கள். அந்தப் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது. கையில் இருப்பது ஒன்றுதான். அதைச் சொன்னால் படத்தை வாங்காமல் ஸ்டுடியோவைத் தேடிப் போய்விடுவார்கள். நான் தலையை ஆட்டிவிடுவேன். அது பொய் என்று அப்போது தோன்றவில்லை. நான்தான் வாயைத் திறக்கவே இல்லையே.

பிறகு ஃபிலிம் வருவது நின்றது. எல்லார் கையிலும் போன் வந்தது. என்னைப் போலப் பாபநாசத்தில் எடுத்துக்கொண்டிருந்தவர் இப்போது களக்காட்டில் வாழைத்தார் ஏற்றுகிறார். நான் பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். இங்கே தாளைக் கொடுப்பார்கள், தாளை வாங்கிக்கொள்வார்கள். என் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. நான் எடுத்த படம் ஒன்றுகூட என் அறையில் கிடையாது. எல்லாம் அடுத்தவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

போன மாசியில் உவரியிலிருந்து ஓர் அம்மாள் கடைக்கு வந்தார். ஐஸ்காரரிடம் விசாரித்து வந்திருந்தார். துணியில் சுற்றிய படச் சட்டத்தைப் பையிலிருந்து எடுத்தார். என் கேமராப் படம்தான். அவரும் அவர் கணவரும் நிற்கும் படம். சேலையின் ஊதா தெரிந்தது. அவர் தோள்மேல் ஓர் ஆணின் கை தெரிந்தது. முகங்கள் இருந்த இடம் வெளிறிக் கிடந்தது.

"மாதா படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருந்தேன் அண்ணாச்சி. சன்னல் வெயிலு அதுலதான் விழும். தெனமும் பாத்துக்கிட்டே இருந்ததுல போறது தெரியல. வெள்ளையடிக்கக் கழத்தும்போதுதான் பாக்கேன்."

படம் எடுத்த மறு வருடம் கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. கல்யாணப் படங்கள் வீடு ஒழுகியதில் ஒன்றோடொன்று ஒட்டி வீணாகிவிட்டன. கணவரின் முகம் வேறெதிலும் இல்லை என்றார்.

"காப்பி இருக்குமான்னு கேட்டேன். நீங்க தலைய ஆட்டுனிய. அத எடுத்துத் தாங்க."

நான் இயந்திரத்தின் மூடியைத் திறந்து மூடினேன். கடை முதலாளி எட்டிப் பார்த்தார். "இதுக்கு ஏன்வே முழிக்கீரு? இப்பம் போன்லயே மொகத்தக் கொண்டாந்துரலாம்" என்று படத்தைப் போனில் பிடித்து ஏதோ தட்டினார். ஒரு முகம் வந்தது. சீவிய தலை, வரிசையான பல், பளபளப்பான கன்னம்.

அம்மாள் போனைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இது யாரு?"

"ஒங்க வீட்டுக்காரருதாம்மா."

"அவரு உப்புத் தண்ணியில கெடந்த ஆளு. இவம் பேங்கு மேனேசரு மாதிரில்லா இருக்கான்!"

முதலாளி சிரித்துக்கொண்டே வேறு வேலையைப் பார்க்கப் போனார். அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெகட்டிவ் கெடையாதும்மா" என்றேன். "அந்தக் கேமராவுல எப்பவுமே கெடையாது. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் தேவலை. "அன்னைக்கே சொல்லியிருந்தா ஸ்டுடியோவுல போயி ஒண்ணு எடுத்திருப்போம்லா" என்று மட்டும் சொன்னார். பிறகு, "சரி, நீங்க அவரப் பாத்துத்தான எடுத்திய. எப்படி இருந்தாரு, சொல்லுங்க" என்றார்.

ஒரு நாளைக்கு நாற்பது முகம் பார்த்தவன் நான். சுருட்டை முடி, சிரித்த கண் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். கேட்டு நிம்மதியாகப் போயிருப்பார். சொல் நாக்கு வரை வந்துவிட்டது.

"ஞாபகம் இல்லம்மா."

அவர் சட்டத்தைத் திரும்பத் துணியில் சுற்றினார். "எனக்கும் இல்ல அண்ணாச்சி" என்றார். "அதுக்குத்தான் வந்தேன்."

பஸ் நிலையம் வரை கூடப் போனேன். பஸ்ஸில் ஏறியவர் படியில் நின்று திரும்பி, "ஒங்க வீட்டுல ஆரெல்லாம் இருக்கா?" என்று கேட்டார்.

யாருமில்லை என்றேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.