பூஜையில் வைத்த கேஸ் டிடெக்டர்

என் கணவருக்கு ஹவுராவில் ஓர் ஆலையில் பராமரிப்பு வேலை. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குவதும் அதில் சேர்த்தி. இறங்குமுன் உள்ளே விஷவாயு இருக்கிறதா என்று காட்டும் கையடக்கமான கேஸ் டிடெக்டரைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. அவர் ஆலையின் கருவியும் எங்கள் கடைக்குத்தான் வரும். ஜாடிக்கேற்ற மூடி என்று எங்களை நானே கேலி செய்துகொள்வேன்.

அந்த வருடம் துர்கா பூஜைக்குக் கடை மூடிவிட்டதால், அவருடைய கருவியை எங்கள் பவானிபூர் வீட்டுக்கே கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் பிரித்தேன். ஹைட்ரஜன் சல்பைடு சென்சாரின் ஆயுள் முடிந்திருந்தது. பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைப் பதித்தேன். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே துளி அமிலம். எத்தனையோ மாற்றியிருக்கிறேன், வியப்பு மட்டும் தீரவில்லை. அந்தச் சாக்கடை வாயுவை நம் மூக்கு முதலில் அழுகிய முட்டை நாற்றமாகப் பிடிக்கும். வாயு மிஞ்சினால் மரத்துப்போய், நாற்றமே இல்லை என்று சத்தியம் செய்யும். ஆள் சாகிற இடத்தில் மூக்கு கைவிட்டுவிடுகிறது. இந்தப் பொத்தான் அங்கேயும் விழித்திருக்கிறது. கடையிலிருந்து சிறு சிலிண்டரில் கொண்டுவந்திருந்த, பல வாயுக்கள் கலந்த சோதனை வாயுவைக் காட்டினேன். எண் ஏறி, கருவி அலறியது. திருப்தியாக மூடி வைத்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. ஹெல்மெட், டார்ச், ஸ்பேனர்களோடு அதையும் அவர் சுவாமி முன் வைத்தார். விஜயதசமியன்று எடுக்கும்வரை தொடக்கூடாது என்பதால் நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் ஆலையிலிருந்து போன். தொட்டியின் மோட்டார் நின்றுவிட்டதாம். அவர் கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது.

"குடுங்க, ஒரு தடவ கேஸ் காட்டிடறேன்."

"முந்தாநாள்தானே பாத்தே? நேரமாச்சு, விடு."

"எறங்கறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாருங்கன்னு ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றவ நான். எங்க வீட்டு ஆளை மட்டும் அப்படியே அனுப்பிடுவேனா?"

குழாயை மாட்டி வாயுவைத் திறந்தேன். மற்ற வாயுக்களின் எண்கள் ஏறின. ஹைட்ரஜன் சல்பைடு மட்டும் பூஜ்யத்தில் அசையாமல் நின்றது. நான் பதித்த சென்சார் அல்லவா? ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். சரியாக அந்த சென்சாரின் துளைமேல் சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது. நடுவில் குங்குமம்.

"இதுக்கு மட்டும் நல்லா பெரிசா வெச்சேன்," என்றார் அவர், குரல் இறங்கி. "எம் உயிரக் காப்பாத்தறது இதுதானேன்னு."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. வாய்வரை வந்த வசவை விழுங்கிவிட்டு, சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, துளைக்குள் இருந்த வடிகட்டியைப் புதிதாக மாற்றினேன். மறுபடி வாயு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு எண் மெல்ல நகர்ந்து, கிடுகிடுவென ஏறி, கருவி என் உள்ளங்கையில் நடுங்கிக்கொண்டு அலறியது. தெருப் பந்தலில் அடித்துக்கொண்டிருந்த மேளத்தையும் மீறிக் கேட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அதைக் கும்பிடத் தோன்றியது.

"அப்ப இதுக்குப் பொட்டே வைக்கக் கூடாதா?" என்றார்.

கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தைத் தொட்டு, பின்பக்கம் பெல்ட்டில் மாட்டும் கிளிப்பில் நானே வைத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் போன் வந்தது.

"கயித்துல கட்டி உள்ளே விட்டேன். பாதியிலயே கத்திடுச்சு," என்றார். மூச்சு விடுவது கேட்டது. "நான் எறங்கல."