பினாங்கில் நான் ஏறாத மலை ரயில்

கப்பலேறிப் பினாங்கு வரைக்கும் போய்விட்டு, அங்கேயுள்ள மலை ரயிலில் ஏறாமல் திரும்பி வந்த ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். எழுபது வருஷம் ஆகிவிட்டது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அந்த ரயிலைப் பற்றி எழுதி எனக்கு ஆசை காட்டியவர் அத்தையின் புருஷன், என் மாமா. பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. இரும்புக் கயிறு இழுக்க இழுக்க ரயில் செங்குத்தாக மலை ஏறுகிறது, மேலே போனால் குளிர்கிறது, பிள்ளையை ஒருநாள் அதில் ஏற்றிக் காட்டுகிறேன் என்று கடிதம் போட்டார். உப்பளத்து உப்புக் குவியலைத் தவிர வேறு மேடு பார்த்திராத தூத்துக்குடிப் பிள்ளைக்கு இது போதாதா? பிறகு ஜப்பான்காரன் அங்கே இறங்கினான், கடிதம் நின்றது. சண்டை முடிந்தும் வரவில்லை. அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். தினமும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பாள்.

கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும், மாமாவைத் தேடிப் பார்த்துவர அப்பா கிளம்பினார். நானும் வருவேன் என்று இரண்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தேன். அப்பாவுக்கு வேறு வழி இல்லை. அம்மா எனக்கு ஒரு பட்டுப் பாவாடை தைத்துக் கொடுத்தாள். அரக்கு நிறம், பச்சைக் கரை. மலை ரயிலில் ஏறும் அன்றுதான் உடுத்துவேன் என்று நாகப்பட்டினத்தில் கப்பலேறியதிலிருந்து அதை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தேன்.

பினாங்கில் இறங்கிய மறுநாள் காலையிலேயே பாவாடையை உடுத்திக்கொண்டு நின்றேன். தூரத்தில் மலை பச்சைப் பசேலென்று தெரிந்தது. அப்பாவோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். எங்கே போகிறோம் என்று கேட்டால், “கால் போற பக்கந்தான்” என்றார். அவர் கால் போனதெல்லாம் சாப்பாட்டுக் கடைக்கு.

முதல் கடையில் இட்லி. இட்லி தின்னவா கடல் தாண்டி வந்தோம்? அடுத்த தெருவில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவரின் கடையில் மீ என்று சேமியா மாதிரிப் புழுப்புழுவாக ஒன்று. அது நன்றாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம். பிறகு ஜாதிக்காய் சர்பத். இப்படி ஐந்து கடை. மணிக்கூண்டையும் சீனர் கோயிலையும் அப்பாவின் பின்னால் ஓடிக்கொண்டேதான் பார்த்தேன். ஒவ்வொரு கடையிலும் பாதி சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் பேச மாட்டார். அப்புறம், “அண்ணாச்சி, நமக்குத் தூத்துக்குடி. எங்க மச்சான் இங்கன ஹார்பர்ல இருந்தான்...” என்று தொடங்குவார். கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். அப்பா எழுந்து அடுத்த கடைக்கு நடப்பார்.

“கேட்டுட்டுப் போவ வேண்டியதுதானே. எதுக்குத் திங்கணும்?” என்று கத்தினேன்.

“ஏளா, வாய நனைக்காமக் கேட்டா போலீஸ்காரன்னு நினைப்பான். பதில் வராது. நீ தின்னு.”

ஆறாவது ஓர் ஆப்பக்கடை. தேங்காய்ப்பால் ஊற்றி ஆளுக்கு ஒரு தட்டு வந்தது. இந்தத் தடவை அப்பா கேட்டதும் கடைக்காரர் உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் கையைத் துடைத்தபடி நொண்டி நொண்டி வந்தார். முழங்காலுக்குக் கீழே புண்ணுக்குத் துணி சுற்றியிருந்தது. அப்பாவின் அருகில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினார். “ஜப்பான்காரன்... சயாம் காட்டுல ரயில் போடுததுக்கு” என்பது மட்டும் எனக்குக் கேட்டது. ரயில் என்றதும் எனக்கு உயிர் வந்தது. ஒருவழியாக அப்பா ரயிலைப் பற்றி விசாரிக்கிறாரே!

அப்பா ஆப்பத்தைத் தொடவில்லை. என் தட்டில் பாதி இருக்கும்போதே கையைப் பிடித்து எழுப்பினார். மலை ஒரு பக்கம் இருக்க, விறுவிறுவென்று கடற்கரைக்கு நடந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் கடலில் இறங்கி மூன்று முறை முங்கினார். ஏறி வருவார் என்று பார்த்தால், என்னையும் பாவாடையோடு தூக்கிக்கொண்டு போய் முக்கினார். நான் போட்ட கூச்சலில் சீனர்கள் கூடிவிட்டார்கள். பட்டில் உப்புத் தண்ணீர்! அரக்குச் சாயம் பச்சைக் கரையில் இறங்கிவிட்டது. அன்று முழுக்க அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. காலையிலிருந்து ஐந்து கடையில் தின்ற மனுஷனுக்கு எப்படிப் பசிக்கும் என்று மனதுக்குள் கறுவினேன். அடுத்த கப்பல் வரும்வரை அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. மலை ரயில் பேச்சை எடுத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கப்பலில் ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுத்தார். “அத்தை கேட்டா, மாமாவப் பாக்கலன்னு மட்டும் சொல்லு. மாமாவப் பத்தி வேற ஒண்ணும் பேசாத.” சரி என்றேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவள் நான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, ஆள் சயாம் பக்கம் இருப்பதாகக் கேள்வி, எப்படியும் வந்துவிடுவான் என்று அத்தையிடம் சொன்னார். அத்தையின் முகம் மலர்ந்துபோயிற்று. அப்பா வெளியே போன பிறகு என்னிடம் வந்து கேட்டாள். மாமாவைப் பார்க்கவில்லை என்றேன். அதற்கு மேல் மாமாவைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் பாவாடை என்னுடையது அல்லவா? பெட்டியிலிருந்து எடுத்து விரித்துக் காட்டினேன்.

“இந்த அநியாயத்தப் பாரு அத்தை. ஆப்பத்த அப்பிடியே போட்டுட்டு எந்திரிச்சுப் போயி, அப்பா சட்டையோட கடல்ல முங்குனாக. என்னையும் முக்கிட்டாக.”

“எத்தனை முங்கு?”

“மூணு.”

“நீயும் தலை நனைச்சியா?”

“ஆமா. பட்டுப் பாவாடையோட!”

அத்தை பாவாடையைக் கையில் வாங்கி, சாயம் இறங்கிய கரையை விரலால் தடவினாள். அப்பா வரட்டும், இன்றைக்கு வகையாக வாங்கிக் கட்டிக்கொள்வார் என்று நான் குதூகலித்தேன். அவள் அதை ஒழுங்காக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். காலையில்தான் குளித்துச் சடை பின்னியிருந்தாள். வைத்த பூவோடு, கட்டிய சேலையோடு, ஒரு வாளி இறைத்துத் தலையில் ஊற்றினாள். இன்னொரு வாளி ஊற்றினாள். மூன்றாவதுக்குக் கயிற்றை இறக்கினாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எனக்காக நியாயம் கேட்பாள் என்று நம்பியிருந்தால், இவளும் நல்ல சேலையைப் பாழாக்குகிறாளே!

“அம்மா, அத்தையும் அப்பா மாதிரியே பண்ணுதா, வந்து என்னன்னு கேளு!” என்று கத்திக்கொண்டே அடுக்களைக்கு ஓடினேன்.