கொடுக்காமல் விட்ட கைதட்டல்

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஜாஸ் இசை தெரியும். முப்பது வருடம் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். பக்கத்துக் கூடத்தில் மாலைதோறும் அதைத்தான் வாசிப்பார்கள். ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும், பாட்டு ஓடிக்கொண்டிருந்தாலும் கை தட்ட வேண்டும். அது அவருக்குரிய மரியாதை.

போன மாதம், தமிழரும் சீனரும் கலந்து வாழும் எங்கள் ஜார்ஜ் டவுனில் ஒரு ஜாஸ் கச்சேரி. சீனப் பெரியவர் ஒருவர் ஆளுயர பேஸ் வயலினை அணைத்தபடி தனியாக வாசித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் முடித்ததும் கை தட்டத் தொடங்கினேன்.

"ஆன்ட்டி, பாட்டு இன்னும் முடியல லா! சும்மா இருங்க," என்றார் பக்கத்து இருக்கைத் தமிழர்.

"கோயில் திருவிழான்னு நெனச்சிட்டாங்க போல," என்று அவர் மனைவி சிரித்தாள்.

வெட்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டேன். வேறு யாருமே தட்டவில்லை. பெரியவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்து சாக்ஸபோன்காரர் தனியாக வாசித்தார். அவர் முடித்ததும் மேடையிலிருந்த பாடகி கை தட்டச் சொல்லிச் சைகை காட்ட, கூடமே தட்டியது.

"இப்ப தட்டுங்க ஆன்ட்டி," என்று அந்த மனுஷன் எனக்கு அனுமதி வேறு கொடுத்தார்.

தட்டினேன். தெரியாதவர் சொன்னதற்கு, தெரிந்த நான் இரண்டு தடவை பணிந்தேன். அவரை இன்றும் மனதுக்குள் திட்டுகிறேன். திட்டி முடித்ததும் என் கையைப் பார்க்கிறேன். பெரியவருக்குப் போய்ச் சேர வேண்டிய மரியாதை இதில்தான் நின்றுவிட்டது.