ஹாலை விட்டுப் போகாத நட்சத்திரம்

ஜெரால்ட் எதையும் அளந்து செய்தவரில்லை. அனல் மின் நிலையத்தில் வேலை கிடைக்குமென்று வெல்டிங் படித்தார். கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் கிடைத்தது. மில்லை மூடினார்கள், பொன்னேரியில் கேட், கிரில் செய்தார். பையன் பிறப்பான் என்றிருந்தார், பிரின்சி பிறந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியம்தான்: "ஆண்டவரு வேற இன்னாவோ நெனச்சிக்கினு கீறாரு."

பிரின்சி மெக்கானிக்கல் படித்துவிட்டு, சிப்காட்டில் வெல்டிங்கைச் சோதித்துப் பாஸ், ரிஜெக்ட் போடும் வேலையில் இருந்தாள். அப்பாவின் வாக்கியத்தைச் சோதிக்க அவளிடம் கருவி இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் நாட்களுக்கு சர்ச் கோபுரத்தில் ஏற்றும் நட்சத்திரம் வருஷாவருஷம் ஜெரால்டின் பொறுப்பு. இந்த முறை ரயிலில் போகிறவர்களுக்கும் தெரிய வேண்டுமென்று எல்லாத் திசையிலும் முனை வைத்தார். வழக்கமாக மொட்டை மாடியில் செய்வார். நவம்பர் மழை விடவில்லை. ஹாலுக்குள் வைத்தே இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்தார். முடித்த பிறகுதான் தெரிந்தது, அது வாசல் வழியாகவும் போகாது, ஜன்னல் வழியாகவும் போகாது.

பிரின்சி தலையில் கை வைத்தாள். அவர் சிரித்துவிட்டு வாக்கியத்தைச் சொன்னார். அந்த வாரமே மாரடைப்பில் போய்விட்டார். ஹாலில் இடமில்லாததால் சவப்பெட்டியைத் தெருவில் பந்தல் போட்டு வைத்தார்கள்.

அவர்கள் சபையில், சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டமாட்டார்கள். வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாடி வருகிறவர்களும் அந்த வாசலைச் சத்தமில்லாமல் கடந்துவிடுவார்கள். நட்சத்திரம் எரிகிற வீட்டுக்குள்தான் போவார்கள்.

டிசம்பர் முதல் வாரம், சர்ச் கமிட்டி பீட்டர் வந்தார். கோபுரம் காலியாக இருக்கிறதாம். நாலு முனையை அறுத்து வெளியே கொண்டுபோய் மறுபடி ஒட்டிவிடலாம் என்றார். கிரேஸ், ஜெரால்டின் மனைவி, சரியென்றாள். அவர் சபைக்குக் கொடுத்த வாக்காயிற்றே.

பிரின்சி அப்பாவின் இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்தாள். எங்கே அறுப்பது என்று ஒவ்வொரு வெல்டிங் இணைப்பையும் தடவிப் பார்த்தாள். வேலையிடத்தில் என்றால் மூன்றை ரிஜெக்ட் செய்திருப்பாள். கிரைண்டரைக் கீழே வைத்தாள்.

"மொதல்ல பல்பு எரியுதான்னு பாத்துடலாம்ணா," என்றாள்.

பீட்டர் பிளக்கைச் சொருகினார். வெளிச்சம் ஜன்னல்களைத் தாண்டித் தெருவில் விழுந்தது.

தெருமுனையில் கேரல் குழு வந்துகொண்டிருந்தது. மீஞ்சூரிலிருந்து புதிதாகச் சேர்ந்த வாலிபர்கள். நட்சத்திரம் எரிகிற வீடு. கிதாரோடு பாடிக்கொண்டே நேராக உள்ளே வந்துவிட்டார்கள். நட்சத்திரத்தைச் சுற்றி வந்தபோதுதான் பின்னாலிருந்த மாலை போட்ட படம் தெரிந்தது. பாட்டு நின்றது. ஒருத்தன் தொப்பியைக் கழற்றினான்.

அடக்கத்துக்குப் பிறகு அதிகம் பேசாத கிரேஸ் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"இன்னாத்துக்கு நிறுத்திட்டீங்க? இந்த வருஷம் ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். பாடுங்க, கண்ணு."

பாடினார்கள். சுருதி சரியில்லை. கிரேஸ் கூடப் பாடினாள்.

பிரின்சி கிரைண்டர் வயரைச் சுருட்டினாள்.

"அப்போ கோபுரத்துக்கு இன்னா பண்றது பாப்பா?" என்றார் பீட்டர்.

"பேப்பர் ஸ்டார் வாங்கிக் கட்டிடுங்கண்ணா. ஆண்டவரு வேற இன்னாவோ நெனச்சிக்கினு கீறாரு."

சொன்ன பிறகு அங்கே நிற்க முடியவில்லை. டீ போட உள்ளே திரும்பினாள். ஒரு முனை நெற்றியில் இடித்தது.