மணல்மேட்டை வெட்டியவர்கள்

கொழும்பில் வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் போய் விழும் இடத்தில் ஒரு மணல்மேடு உண்டு. கடல் தானே கொண்டுவந்து போடுவது. வைகாசி மழைக்குக் கால்வாய் பொங்கிக்கொண்டு வரும். மணல் அதன் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும். போக்கிடம் இல்லாத தண்ணீர் திரும்பி எங்கள் குடிசைகளுக்குள் வரும். கடல் வருஷத்துக்கு வருஷம் கிட்டே வந்தது, மேடும் அப்படியே உயர்ந்தது. நாங்களும் விடவில்லை. வாசற்படியை உயர்த்தினோம், அடுப்பைப் பெட்டிமேல் வைத்தோம், அரிசிப் பானையை உத்தரத்தில் கட்டினோம். அதற்குமேல் உயர்த்த ஒன்றும் இல்லாத வருஷம் ஒன்று வந்தது. வெள்ளைக்காரன் இன்னும் இருந்த காலம்.

அந்த வருஷம் என் புருஷன் கட்டிலோடு கிடந்தார். நூல் ஆலையில் பெல்ட் இழுத்து இரண்டு காலும் நொறுங்கி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. கட்டில் காலுக்கடியில் செங்கல் வைத்தேன். தண்ணீர் ஏறியது. இன்னும் செங்கல் வைத்தேன். மத்தியானம் கட்டில் கயிறு நனைந்தது.

"என்னயத் தூக்கிட்டுப் போக ஆள் கெடைக்குமா புள்ள?"

"அவங்கவங்க புள்ளைகளத் தூக்கிட்டு ரோட்டுக்குப் போயிட்டாங்க. மிஞ்சினவங்க மம்பட்டியோட மேட்டுல நிக்கிறாங்க."

"அப்ப நீ ஏன் இங்க நிக்கிற?"

மம்பட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

மேட்டின்மேல் மீன்பிடிக்கிறவர்களின் வள்ளங்கள் வரிசையாக ஏற்றிக் கிடந்தன. சிங்கள ஆட்கள். மீன் வாங்கும்போது என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்று கூப்பிடுகிறவர்கள்தான். அன்றைக்குத் துடுப்புகளைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றார்கள். தாடி நரைத்த ஒருவர் முன்னால் வந்தார்.

"நங்கி, கப்பன்ன எப்பா. வெட்ட வேணாம். இப்ப கடல் ஏறுற நேரம், வெட்டினா உள்ளுக்கு வந்துடும். இறங்கட்டும், நாங்களும் சேர்ந்து வெட்டுறம்."

"ஒன் வள்ளம் பத்திரமா இருக்க எம் புருஷன் முங்கணுமா?"

"வள்ளம் போனா எங்கட பிள்ளைகள் மண்ணையா தின்னும்?"

எங்கள் ஆட்கள் இராமநாதபுரத்துச் சீமைக்காரர்கள். கண்மாய் நிரம்பினால் கலுங்கைத் திறப்போம், தண்ணீர் பள்ளத்துக்கு ஓடிவிடும். திறந்த வழியாகத் தண்ணீர் எதிர்த்து வரும் என்று நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. வள்ளத்தைக் காப்பாற்றச் சொல்லும் பொய் என்றே நினைத்தோம்.

யார் முதலில் அடித்தது என்று பின்னால் பல விதமாகக் கதைத்தார்கள். அடித்தவள் நான். மம்பட்டிப் பிடியால் தாடிக்காரரின் வலது தோளில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் மழையிலும் கேட்டது. பிறகு துடுப்பும் மம்பட்டியும்தான் பேசின. ஒருவனுக்குக் காது கிழிந்து தொங்கியது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் முன்பற்களைத் துப்பிவிட்டு, "இனி அரிசில கல்லு கெடந்தா எனக்குக் கவலையில்ல" என்று சொல்லிக்கொண்டே வெட்டினார். என் நெற்றியைத் துடுப்பு பிளந்தது. இரத்தம் கண்ணை மறைத்தது. நான் குனிந்த தலை நிமிராமல் வெட்டினேன்.

வாய் திறந்தது. கொஞ்சத் தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே போனது. எங்கள் பெண்கள் குலவை போட்டார்கள். குலவை அடங்குமுன் கடல் உள்ளே வந்தது. வெட்டிய இடத்தின் இரண்டு கரையையும் கடித்துத் தின்றுகொண்டு வந்தது. ஓரத்தில் கிடந்த வள்ளம் ஒன்று சரிந்து விழ, அலை அதைத் தூக்கிக் கால்வாய்க்கு மேலே போகும் ரயில் பாலத்துக்கடியில் செருகியது. வள்ளம் கவிழாமல் பக்கத்தில் மிதக்கும் பக்கக்கட்டை தூணில் மோதி முறிந்தது. வள்ளம் நிற்காமல் என் குடிசைப் பக்கம் போனது.

ஓடினேன். மண்சுவர் நின்ற இடத்தில் வள்ளத்தின் மூக்கு இருந்தது. கட்டில் கவிழ்ந்து மிதந்தது. என் புருஷன் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். நாடிவரை உப்புத் தண்ணீர். கீழேயிருந்து முட்டுக்கொடுத்து அவரை உள்ளே தள்ளினேன். கட்டுப்போட்ட கால் பலகையில் அடிபட்டபோது அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அப்போது தாடிக்காரர் வந்தார், கையைச் சாரத்துணியால் கழுத்தோடு கட்டிக்கொண்டு. பின்னால் கத்தியோடு இரண்டு பேர். வள்ளம் அவருடையது.

"ஆளை இறக்கு."

"எறக்கி எங்க வைக்க? ஒன் தோள்லயா?"

"அதைத்தான் நீ உடைச்சிட்டியே."

வள்ளத்துக்குள்ளிருந்து என் புருஷன் முனகினார். "அண்ணே, இவகிட்டப் பேசி நானே செயிச்சதில்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. கத்திக்காரன் ஒருவன் கிட்டே வந்தான். நான் மம்பட்டியை வள்ளத்துக்கு மேலே ஓங்கினேன்.

"இன்னொரு அடி வச்சா இது வெறகு."

தாடிக்காரர் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். இடியாமல் நின்ற சுவரில் ஈரக்கோடு தெரியத் தொடங்கியிருந்தது.

"கடல் இறங்குது. இனிக் கால்வாய் முழுக்க அந்த வாயாலதான் ஓடும். வள்ளத்தையும் இழுக்கும், உன் புருஷனையும் இழுக்கும். கயிறு கட்ட விடு."

ஒரு முறை அவர் சொல்லை நம்பாமல் அடித்தாயிற்று. இந்த முறை நம்பினேன். மம்பட்டியைக் கீழே போட்டேன். கத்திக்காரர்கள் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வள்ளத்தைத் தென்னையோடு கட்டினார்கள். கயிறு போதவில்லை, மிச்சத்தை நாங்கள் கையால் பிடித்தோம். உள்ளங்கைத் தோல் உரிந்தது. கால்வாய் இடி மாதிரி இறங்கியது. என் கூரை, கட்டில், அரிசிப் பானை எல்லாம் எங்கள் முன்னாலேயே கடலுக்குப் போயின. வள்ளம் நின்றது. புருஷன் இருந்தார். அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார், கோல் ஊன்றிக்கொண்டு.

அடித்தது தப்பு என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த வைகாசியிலிருந்து நாங்கள் மேட்டில் மம்பட்டியோடு காத்து நின்றோம். தாடிக்காரர் கடலைப் பார்த்தபடி நிற்பார். நேரம் வந்ததும் இடது கையை உயர்த்துவார். வலது கை அதற்குப் பிறகு எழவே இல்லை. முதல் வெட்டு என்னுடையது.