கார் ஷெட்டில் ஒரு லிஃப்ட்

நெம்மேலியில் நாங்கள் வீடு கட்டியபோது தெருவைவிட வீடு இரண்டடி உயரம். அதன் பிறகு பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, இன்று தெருவில் போகிறவர்கள் எங்கள் ஹாலைக் குனிந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்க்கவும் செய்கிறார்கள். மழை வந்தால் தெருத் தண்ணீர் நேராக எங்கள் கார் ஷெட்டுக்குத்தான் வரும். போன வருடம் கார் சீட் வரை மூழ்கி, இரண்டு மாதம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது.

கார் மனைவியுடையது. எனக்கு ஆபீஸ் பஸ் வாசலுக்கே வந்துவிடும். அவள் செங்கல்பட்டில் அரசுப் பள்ளி ஆசிரியை. கார் இல்லாத இரண்டு மாதமும் மூன்று பஸ் மாறிப் போய்வந்தாள். ஒருநாள் அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள்.

"இன்னொரு தடவை இந்தக் கார் முழுகிச்சுன்னா, நான் கருங்குழிக்கு அம்மா வீட்டுக்கே போயிடுவேன். அங்கேருந்து ஒரே பஸ்."

அவள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை. எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

பக்கத்துத் தெருவில் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினார்கள். வீட்டைத் தூக்குவதைவிடக் காரைத் தூக்குவது சுலபம் என்று எனக்குத் தோன்றியது. நான் சாதாரண ஆளா என்ன? அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் இருபது வருடத்துக்கும் மேலாக எனக்கு ஒரே வேலை. யார் எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும், "கரண்ட் போனா என்ன செய்வீங்க?" என்று கேட்பது. பதில் சரியில்லை என்றால் ஃபைல் திரும்பிப் போகும். கேன்டீனில் என்னைக் கண்டதும் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போகிறவர்கள் உண்டு.

ஒர்க்‌ஷாப்களில் காரைத் தூக்கி வைக்கும் இரட்டைத் தூண் லிஃப்ட் ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்தேன். அதற்குப் பன்னிரண்டடி உயரம் வேண்டும். எங்கள் ஷெட் ஒன்பதடி. தகரக் கூரையைப் பிரித்து உயர்த்தினோம். ஷட்டர் சுருளும் பெட்டி காரின் தலையில் இடிக்கும் என்று தெரிந்ததும் அதையும் கழற்றி வெளிப்பக்கம் மாட்டினோம். தரையில் நாலு அங்குலக் கான்கிரீட், கீழே வெறும் கடல் மணல். அதை உடைத்துத் தோண்டினால் தண்ணீர் ஊறியது. இறைத்துக்கொண்டே கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டோம். எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு, பக்க எண் கொடுத்து, ஒரு ஃபைல் தயாரித்து மனைவியிடம் ஒப்புதலுக்கு வைத்தேன். ஏழாம் வகுப்பு நோட்டுத் திருத்தும் சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட்டுக் கொடுத்தாள்.

கொத்தனார் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். பள்ளத்துக்குள் நின்றபடி கேட்டார்.

"இன்னா சார், இம்மாம் பாடு? தண்ணி ஏறுச்சுன்னா நாங்க படகை மேட்டுல இழுத்து வுட்டுட்டு வந்துகினே இருப்போம். நீ காரை அந்தப் பாலத்து மேல வுட்டுட்டு வந்து படு சார்."

நான் சிரித்தேன். பாவம், படிக்காதவர் என்று நினைத்த சிரிப்பு அது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஆயுதபூஜைக்கு இரண்டு தூணுக்கும் சந்தனப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்தோம். தெருவே வந்து கார் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு போனது.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை வானம் கொட்டியது. அந்த வாரம் புதன்கிழமை செங்கல்பட்டில் தலைமை ஆசிரியர் பதவிக்கான கலந்தாய்வு. பல வருடம் அவள் காத்திருந்தது அதற்காகத்தான். திருப்போரூர் பக்கம் ஒரு பள்ளி காலியாக இருந்தது, காரில் அரை மணி நேரம். வரிசைப்படி அது அவளுக்குத்தான். ஆனால் பெயரைக் கூப்பிடும்போது ஆள் எதிரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்தவர்.

தெருக்காரர்கள் கார்களை மெயின் ரோட்டுப் பாலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நான் எங்கள் காரை மேலே ஏற்றி, முழங்கால் தண்ணீரில் குடையோடு நின்று படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைதட்டல் குவிந்தது. சாயங்காலம் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஏற்றத்தானே கரண்ட், இறக்குவதற்கு லீவரைத் தட்டினால் கார் தன் எடைக்கே இறங்கிவிடும் என்று நிம்மதியாக இருந்தேன்.

புதன் காலை வெயில் அடித்தது. தண்ணீர் வடிந்திருந்தது, கரண்ட் வரவில்லை. மனைவி பட்டுப்புடவையில் சர்டிஃபிகேட் ஃபைலோடு வந்து நின்றாள். நான் லீவரைத் தட்டினேன். கார் அசையவில்லை. அப்போதுதான் உறைத்தது: தூக்கிய கார் சரியாமல் இருக்கத் தூணில் வைத்திருக்கும் பாதுகாப்புப் பூட்டின் மேல் கார் உட்கார்ந்திருக்கிறது. பூட்டு விலக லிஃப்ட் முதலில் ஒரு அங்குலம் மேலே ஏற வேண்டும். ஏற மோட்டார் ஓட வேண்டும்.

மனைவி காரை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கரண்ட் போனா என்ன செய்வீங்க?"

என் வாழ்நாளில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

பாலத்தில் கார் விட்டவர்கள் எல்லோரும் அதற்குள் ஆபீஸ் போய்விட்டார்கள். மூன்று பஸ் மாறிப் போக நேரம் இல்லை, வாடகைக் கார்க்காரர்கள் யாரும் வர ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் கொத்தனார்தான் தம்பியின் மீன் வேனைக் கொண்டுவந்தார். "ஏறு டீச்சரம்மா, ஜல்தியா போயிடலாம்." அவள் பட்டுப்புடவையை இடுக்கிக்கொண்டு ஏறினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். திருப்போரூர்ப் பள்ளி அடுத்தவருக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது கருங்குழி. அவளுடைய மிரட்டலை அரசாங்கமே ஆணையாக அடித்துக் கையில் கொடுத்துவிட்டது.

மதியம் கரண்ட் வந்தது. கார் வெண்ணெய் போல இறங்கியது.

இப்போது அவள் வாரம் முழுவதும் அம்மா வீட்டில். காரும் அவளோடு கருங்குழியில், மேட்டுத் தெருவில். நான் ஜெனரேட்டர் வாங்கினேன். அதற்கு மேடை போட வந்த கொத்தனார் காலி லிஃப்டைச் சுற்றி வந்து, "கார் எங்க சார் கீது?" என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வருவாள். போன வெள்ளி மழை மிரட்டியது. போன் செய்து, "காரைப் பாலத்திலயே விட்டுடு" என்றேன்.

"ஏன், லிஃப்டுக்குத்தான் ஜெனரேட்டர் இருக்கே?"

"இருக்கட்டும். நான் குடையோட பாலத்துல நிக்கிறேன்."

அவள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் நின்றுவிட்டேன்.